எதிராளியின் நியாயத்தை முதலில் எழுது!

பழைய தத்துவ நூல்கள் இன்றைக்கு எதற்கு? வஞ்சி மாநகரிலிருந்து அம்பேத்கர் வரை நீளும் ஒரு வாசிப்பு மரபு சொல்லும் பதில்

வஞ்சி மாநகருக்குள் ஒரு துறவி நுழைகிறார். ஊரில் எத்தனை சமயங்கள் உண்டோ அத்தனையின் அறிஞர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் போகிறார். உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறார். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி எனப் பத்துப் பேர் தங்கள் தரப்பை எடுத்துச் சொல்கிறார்கள். துறவி குறுக்கிடாமல் கேட்கிறார். ஒருவர் முடித்த பிறகே அடுத்தவரிடம் போகிறார்.

மணிமேகலைக் காப்பியத்தின் 27-வது காதை இது. துறவி வேடத்தில் இருப்பவள் மணிமேகலை. அவள் வேடம் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. இளம்பெண் என்று தெரிந்தால் எவரும் தத்துவம் சொல்ல மாட்டார்கள் என்று தெய்வமே அவளுக்கு முன்கூட்டி எச்சரிக்கிறது. பௌத்தத்தைத் தழுவப் போகும் ஒரு பெண், பௌத்தத்துக்கு எதிரான அத்தனை வாதங்களையும் கேட்டு முடித்த பிறகுதான் காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள்.

காப்பியத்தை இயற்றிய சாத்தனார் நினைத்திருந்தால் கதையை நேரே காஞ்சிக்குக் கொண்டுபோயிருக்கலாம். அவர் பௌத்தர், காப்பியமும் பௌத்தக் காப்பியம். ஆனால் மற்றவர்களின் பேச்சுக்கு ஒரு முழுக் காதையை ஒதுக்கினார். எதிர்த்தரப்பைக் கேட்காமல் எடுக்கும் முடிவுக்கு மதிப்பில்லை என்ற எண்ணம் அந்தக் காதையின் அமைப்பிலேயே இருக்கிறது.

பழைய தத்துவ நூல்களை இன்று ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டால், மன அமைதிக்கு என்பார்கள் சிலர். பண்பாட்டுப் பெருமைக்கு என்பார்கள் வேறு சிலர். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் காலத்துக்கு மிக அவசரமாகத் தேவைப்படும் ஒன்று அந்த நூல்களில் இருக்கிறது: நமக்கு ஒப்பாத கருத்தை, அதைச் சொல்பவரே ஏற்கும்படி முழுமையாக எடுத்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகு மறுக்கும் பழக்கம். இந்தியத் தத்துவ மரபில் இதற்குப் பூர்வபட்சம் என்று பெயர். தொலைக்காட்சி விவாதத்திலும் கைப்பேசித் திரையிலும் நாம் நாள்தோறும் தொலைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

பிழைகளுக்கு ஒரு பட்டியல்

வஞ்சியில் முதலில் பேசும் அளவைவாதி, நாம் எதையும் எப்படி அறிகிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறார். காட்சி, அனுமானம், ஒப்புமை, நூலறிவு என்று அறியும் வழிகளைப் பத்தாக வகுக்கிறார். அதோடு நிற்காமல், அறிவு போலத் தோன்றும் போலிகள் எட்டு என்று இன்னொரு பட்டியலும் தருகிறார். கிளிஞ்சலைப் பார்த்து வெள்ளி என்று கொள்வது ஒன்று. வெட்டவெளியில் நிற்கும் கட்டையை ஆராயாமலே மனிதன் என்று உறுதி செய்துகொள்வது இன்னொன்று. முயலுக்குக் கொம்பு உண்டு என்று யாரோ சொல்ல, கேட்டதை அப்படியே நம்பிவிடுவது மற்றொன்று.

காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப்பைத் திறக்கும் எவருக்கும் இந்தப் பட்டியல் புரியும். ஏதோ ஒரு நாட்டில் எடுத்த காணொளி, பக்கத்து மாவட்டத்தில் நடந்தது என்ற குறிப்போடு வருகிறது. பார்த்தவர் பதறி அடுத்த குழுவுக்கு அனுப்புகிறார். கட்டை மனிதனாகிவிடுகிறது. ஆராயாமல் துணிவது ஒரு தனிப் பிழை, கேட்டதை மட்டும் வைத்துத் துணிவது வேறொரு பிழை என்று பிரித்துப் பார்க்கக் கற்றவர், அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் ஒரு நொடியாவது நிற்பார்.

29-வது காதையில் அறவண அடிகள் இந்தப் பாடத்தை இன்னும் நுட்பமாக நடத்துகிறார். ஒரு வாதத்தின் உறுப்புகள் எவை? நிறுவ வேண்டிய கூற்றான பக்கம், அதற்கான காரணமாகிய ஏது, எடுத்துக்காட்டாகிய திட்டாந்தம். மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை எழுகிறது. அடுக்களையில் காண்பது போல. இதில் எங்கெல்லாம் பிழை நுழையலாம் என்று அடிகள் எண்ணிக் காட்டுகிறார். கூற்றில் வரும் போலி 9. காரணத்தில் வரும் போலி 14. எடுத்துக்காட்டில் வரும் போலி 10. சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்ற வடமொழி பௌத்த அளவை நூலிலும் இதே 33 போலிகள்தாம்.

அவற்றில் ஒன்று மட்டும் இங்கே. தூரத்தில் மங்கலாக ஏதோ தெரிகிறது. நீராவியா, பனியா, புகையா என்பது பார்ப்பவனுக்கே ஐயம். அந்த ஐயம் தீருமுன்னே, புகை எழுகிறது, ஆகவே நெருப்பு உண்டு என்று முடிவு கட்டிவிடுகிறான். புகையிலிருந்து நெருப்பை ஊகிக்கும் முறையில் குற்றமில்லை. குற்றம், எழுந்தது புகைதானா என்று பார்க்காததில் இருக்கிறது. இதைக் காப்பியம் சித்தாசித்தம் என்கிறது.

நம் காலத்துச் சச்சரவுகளில் பெரும்பகுதி இந்த ஒரு போலியில் அடங்கும். ‘அவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, ஆகவே குற்றவாளி’ என்கிறோம். பதில் சொல்லவில்லை என்பது உறுதிதானா, வெட்டி ஒட்டிய காணொளியா என்று பார்ப்பதில்லை. முடிவின் மேல் மணிக்கணக்கில் சண்டை நடக்கிறது. முதல் செய்தி உண்மையா என்பதை எவரும் தொடுவதில்லை.

கல்வெட்டுகளைப் போல வியந்து பார்த்துவிட்டு நகர வேண்டிய பகுதிகள் அல்ல இவை. தமிழில் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பே, கதைக்குள்ளேயே, பெண் ஒருத்தி மாணவியாக அமர்ந்து கேட்கும் அளவையியல் பாடம் இருந்தது. காப்பியத்தைப் பாடமாகப் படித்தவர்களிலும் பலர், கதை முடிந்துவிட்டது என்று கடைசி நான்கு காதைகளைத் தள்ளிவிடுகிறார்கள். நமக்கு இன்று அதிகம் உதவக்கூடியவை அந்தக் காதைகளே.

மறுத்தவர்களே காப்பாற்றினார்கள்

ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி பௌத்த நூல். அதற்கு மறுப்பாக எழுந்தது சமணக் காப்பியமான நீலகேசி. அதன் 10 பகுதிகளில் தருமவுரை நீங்கலாக மற்ற ஒன்பதும் வாதங்கள். குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என வரிசையாக ஒவ்வொருவரோடும் நீலகேசி என்ற பெண் வாதிடுகிறாள். வாதுக்கு அழைப்பவர் ஊர் நடுவே நாவல் கிளையை நட்டுவைப்பதும், எதிர்கொள்ளத் துணிந்தவர் அதை வீழ்த்துவதும் அக்கால வழக்கம்.

இன்று குண்டலகேசி முழுமையாக இல்லை. கிடைத்திருப்பவை 19 பாடல்கள். அந்தக் காப்பியத்தில் என்ன இருந்தது என்று நாம் ஊகிக்க முடிவதற்குப் பெரிதும் துணை நிற்பவை அதை மறுத்த நீலகேசியும், அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையும். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-ல் அந்த உரையோடு நீலகேசியைப் பதிப்பித்தார். எதிரியை வீழ்த்த எழுதிய நூலே எதிரியின் நினைவைக் காத்துத் தந்திருக்கிறது. எதிரி சொன்னதை எடுத்துச் சொல்லாமல் மறுக்கக் கூடாது என்ற ஒழுங்கு இருந்ததால் நேர்ந்த நன்மை இது.

ஆசீவகத்தின் கதியும் இதுதான். அந்தச் சமயத்தாரின் சொந்த நூல் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஏ.எல். பாஷம் 1951-ல் ஆசீவகர் வரலாற்றையும் கொள்கையையும் தனி நூலாக எழுதியபோது, அவருக்கு முக்கியச் சான்றுகளாக அமைந்தவற்றுள் மூன்று தமிழ் நூல்கள்: மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார். முதலாவது பௌத்தர் எழுதியது. இரண்டாவது சமணர் எழுதியது. மூன்றாவது சைவர் எழுதியது. மூவருமே ஆசீவகத்தை ஏற்காதவர்கள். அவர்கள் அக்கறையோடு எடுத்தெழுதியதால்தான் அணுக்கொள்கையையும் ஆறு நிறப் பிறப்புகளையும் பேசிய ஒரு சிந்தனைப் பள்ளியை இன்று நாம் அறிகிறோம்.

13-ம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் இந்த ஒழுங்கின் உச்சம். நூல் இரண்டு பாகம். பிறர் கொள்கையைக் கூறும் பரபக்கம் முதலில். தம் கொள்கையைக் கூறும் சுபக்கம் பிறகு. பரபக்கத்தில் உலகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை 14 தரப்புகள். பௌத்தத்தின் நான்கு பிரிவுகளைக்கூட ஒன்றாகக் குவிக்காமல் தனித்தனியாக எடுத்துப் பேசுகிறார். ஒவ்வொன்றிலும் முதலில் அவர்கள் மதம். அதற்குப் பிறகே மறுதலை. கடவுள் இல்லை, மறுபிறப்பு இல்லை என்று வாதிக்கும் உலகாயதனின் குரல் ஒரு சைவ சாத்திரத்துக்குள் கேட்கிறது.

அதற்கு அடுத்த நூற்றாண்டில் விஜயநகர மாதவர் எழுதிய சர்வதரிசன சங்கிரகமும் சார்வாகம் எனப்படும் உலகாயதத்திலிருந்தே தொடங்குகிறது. இந்தியப் பொருள்முதல்வாதத்தைப் பற்றி இன்று எழுதும் எவரும் அந்த முதல் அத்தியாயத்தைத் தாண்டிப் போக முடியாது.

பாக்தாத், ஏதென்ஸ், சாகலம்

இந்த ஒழுங்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று மார்தட்ட வேண்டியதில்லை. 11-ம் நூற்றாண்டின் இறுதியில் பாக்தாதின் நிஜாமிய்யா கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் இமாம் கஸ்ஸாலி. இப்னு சீனா போன்ற தத்துவவாதிகளின் முடிவுகள் இறைநம்பிக்கைக்கு முரணானவை என்பது அவர் எண்ணம். அவர்களை மறுத்து அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. ஆனால் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் தெளிவாக விளக்கும் நூல் ஒன்றையும் அவர் எழுதினார். 12-ம் நூற்றாண்டில் அது டொலேடோ நகரில் இலத்தீனுக்குப் போனது. முன்னுரை இல்லாமல் பரவிய அந்த மொழிபெயர்ப்பைப் படித்த ஐரோப்பிய அறிஞர்கள், கஸ்ஸாலி இப்னு சீனாவின் சீடர் என்றே நம்பிவிட்டார்கள். எதிர்க்கருத்தை எவ்வளவு நேர்மையாக எழுதியிருந்தால் இப்படி ஒரு குழப்பம் வரும்!

கதை அங்கே முடியவில்லை. கஸ்ஸாலியின் மறுப்புக்கு ஸ்பெயின் நாட்டுக் கொர்தோபாவைச் சேர்ந்த இப்னு ருஷ்து மறுப்பு எழுதினார். அவரும் கஸ்ஸாலியின் வாதங்களைப் பகுதி பகுதியாக எடுத்துக் காட்டிய பிறகே தம் பதிலைச் சொன்னார்.

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் இதைவிடத் துணிவான ஒன்று நடக்கிறது. நீதி என்பது வலியவனின் நலன், அவ்வளவுதான் என்று திராசிமாக்கஸ் முழங்குகிறான். சாக்ரடீஸ் அவனை மடக்கிவிடுகிறார். அங்கேயே நூலை முடித்திருக்கலாம். ஆனால் பிளேட்டோவின் சொந்தச் சகோதரனான கிளாக்கன் எழுந்து, இந்த வெற்றி போதாது என்கிறான். திராசிமாக்கஸ் சரியாக வாதிடவில்லை. அவன் தரப்பை நான் இன்னும் பலமாகச் சொல்கிறேன், அதற்குப் பதில் சொல்லுங்கள் என்கிறான். பிறகு கைஜஸின் மோதிரக் கதையைச் சொல்கிறான். அணிந்தால் உருவம் மறையும் மோதிரம் அது. பிடிபடமாட்டோம் என்று தெரிந்தால் நல்லவன், கெட்டவன் இருவரும் ஒரே மாதிரிதான் நடப்பார்கள் என்பது அவன் வாதம்.

முகமும் பெயரும் மறைத்த கணக்குகளிலிருந்து முன்பின் தெரியாத பெண்களை வசைபாடும் ஆட்களைப் பார்க்கும்போது, கிளாக்கனின் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று தெரிகிறது. மோதிரம் இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. யாரும் பார்க்காதபோது நான் ஏன் நல்லவனாக இருக்க வேண்டும்? நூலின் எஞ்சிய பகுதி முழுவதும் சாக்ரடீஸ் இதற்குப் பதில் தேடிப் போராடுகிறார். அவர் பதிலில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் கேள்வியை இவ்வளவு வலுவாகக் கேட்கவைத்த ஆசிரியர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

மிலிந்தனின் கேள்விகள் என்ற பாலி நூலில், கி.மு. 2-ம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மெனாந்தர் (பாலியில் மிலிந்தன்) சாகல நகரத்தில் நாகசேனர் என்ற பௌத்தத் துறவியை வாதுக்கு அழைக்கிறான். நாகசேனர் ஒரு நிபந்தனை வைக்கிறார். அறிஞர் முறையில் வாதிடுவதானால் வருகிறேன். அரசர் முறையில் என்றால் வரமாட்டேன். என்ன வேறுபாடு என்று அரசன் கேட்கிறான். அறிஞர்கள் வாதிடும்போது ஒருவர் மடக்கப்படுவார், பிழையை ஒப்புக்கொள்வார், அதற்காகச் சினம் கொள்ளமாட்டார். அரசர்கள் தாம் சொன்னதை மறுப்பவரைத் தண்டிப்பார்கள். மெனாந்தர் நிபந்தனையை ஏற்கிறான். அதன் பிறகே கேள்வி தொடங்குகிறது. ஒரு வீட்டில், ஒரு அலுவலகத்தில், ஒரு கட்சியில், ஒரு சட்டமன்றத்தில் விவாதம் தொடங்குமுன் இந்த ஒரு நிபந்தனை ஏற்கப்பட்டால் எத்தனை காயங்களைத் தவிர்க்கலாம்!

வரலாறு முழுவதும் இப்படி இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நீலகேசியிலேயே ஏளனம் நிறைய உண்டு. மதுரையில் சைவருக்கும் சமணருக்கும் இடையே நடந்த அனல் வாதத்திலும் புனல் வாதத்திலும் முடிவைச் சொன்னவை நெருப்பும் நீரும். காரண காரியம் அல்ல. தோற்ற சமணர்கள் கழுவேறினார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. வாதம் என்ற பெயரில் இரண்டு வழிகள் நம் மரபில் இருந்தன. எதை எடுத்துக்கொள்வது என்பது நம் பொறுப்பு. இரண்டையும் தெரிந்துகொள்ளவும் பழைய நூல்களைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு பதிப்பாசிரியரின் படிப்பு

உ.வே. சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். சைவ நூல்களில் ஊறியவர். 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்ட கேள்வி அவர் வாழ்க்கையைத் திருப்பியது. சிந்தாமணி சமண நூல். அதைப் புரிந்துகொள்ள அவர் சமணர்களின் வீடுகளுக்குப் போய்ப் பாடம் கேட்டார். 1887-ல் பதிப்பு வெளிவந்தது.

மணிமேகலை இன்னும் கடினமாக இருந்தது. அதிலுள்ள சொற்களும் கருத்துகளும் சைவத்திலும் சேரவில்லை, சமணத்திலும் சேரவில்லை. அது பௌத்தம் என்று அவருக்குத் தெளிவுபடுத்தியவர் கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய ரங்காசாரியர். பௌத்தம் பற்றி மேலைநாட்டு அறிஞர்கள் ஆங்கிலத்தில் எழுதியவற்றை அவர் படித்துச் சொல்ல, சாமிநாதையர் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார். 1898-ல் மணிமேகலை அச்சானது. தமிழ் வாசகருக்கு உதவும் பொருட்டுப் புத்தரின் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் சங்கத்தையும் பற்றித் தாமே எளிய உரைநடையில் எழுதினார்.

சைவப் பின்னணியில் வளர்ந்த ஒரு பண்டிதர், தமிழ்நாட்டில் பல நூற்றாண்டுகளாக ஓய்ந்துபோயிருந்த ஒரு சமயத்தின் நூலை அதன் நியாயத்தோடு விளங்கிக்கொள்ளத் தம் ஆண்டுகளைச் செலவிட்டார். அப்படிச் செய்ததால் அவர் சைவர் அல்லாமல் போய்விடவில்லை. தமிழர்கள் அனைவருக்கும் ஒரு காப்பியம் திரும்பக் கிடைத்தது.

‘அந்த நூல்களில்தானே சாதியும் இருக்கிறது?’

இது நேர்மையான கேள்வி. பழைய தத்துவ நூல்களைப் புகழும் எவரும் இதற்குப் பதில் சொல்லாமல் நகரக் கூடாது. பிறப்பால் உயர்வு தாழ்வு சொல்லும் பகுதிகள் அவற்றில் உண்டு. பெண்ணை இழிவாகப் பேசும் பகுதிகள் உண்டு. அரிஸ்டாட்டில் அடிமைமுறைக்கு நியாயம் கற்பித்தார். யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்று விதித்த கொடுமையும் உண்டு. மணிமேகலைக்கே வேடம் தேவைப்பட்டது.

இதற்குப் பதிலை அம்பேத்கரிடம் பார்க்கிறேன். 1927 டிசம்பர் 25 அன்று மகத் நகரில் அவர் தலைமையிலான போராட்டத்தில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. அதே அம்பேத்கர்தான் சாத்திரங்களை வரிவரியாகப் படித்தவர். சூத்திரர் யார் என்ற அவருடைய 1946-ம் ஆண்டு நூல், பழைய நூல்களில் தோய்ந்த ஒருவரால் மட்டுமே எழுதக்கூடியது. எதை நிராகரிக்கிறோம், ஏன் நிராகரிக்கிறோம் என்பது அவருக்கு எழுத்தெழுத்தாகத் தெரிந்திருந்தது.

இன்னொரு செய்தியை இளைஞர்கள் அவசியம் அறிய வேண்டும். லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் மாநாட்டுக்காக அவர் தயாரித்த தலைமையுரையை அமைப்பாளர்கள் ஏற்காததால், 1936-ல் அதைத் தாமே நூலாக வெளியிட்டார். காந்தி தம் ‘ஹரிஜன்’ இதழில் அதை விமர்சித்து எழுதினார். 1937-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, காந்தியின் விமர்சனத்தைத் தம் நூலுக்குள்ளேயே சேர்த்து அச்சிட்டு, அதன் பின்னால் தம் பதிலை வைத்தார் அம்பேத்கர். தம்மை மறுத்தவரின் கட்டுரையைத் தம் வாசகரின் கையில் தாமே கொடுத்தார். அருணந்தி சிவாசாரியாரின் கொள்கைக்கும் அம்பேத்கரின் கொள்கைக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பை முதலில் வை என்ற ஒழுங்கில் இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்த நூலின் தமிழாக்கத்தைப் பெரியாரின் குடிஅரசு பதிப்பகம் வெளியிட்டது.

அதற்கும் முன்பே அயோத்திதாசர் இருந்தார். 1898-ல் பிரம்மஞான சபையின் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் ஏற்றுத் திரும்பியவர். 1907-ல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கி, மணிமேகலை, வீரசோழியம், குறள் முதலிய பழைய நூல்களைத் தம் மக்களின் கண்ணால் வாசித்துக் காட்டினார். அவர் கண்ட பொருள் எல்லாவற்றையும் இன்றைய ஆய்வு ஏற்காமல் போகலாம். ஆனால் நூல்களிலிருந்து விலக்கப்பட்ட ஒரு சமூகம், அவற்றைத் தன் கையில் எடுத்துத் தன் வரலாற்றைத் தேடியது. பழைய நூல்களை ஒரு சாராரிடம் விட்டுவிட்டு ஒதுங்கினால், அவற்றுக்கு அவர்கள் சொல்லும் பொருளே இறுதிப் பொருளாகிவிடும். வெறுப்பவர்களும் படிக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

சுருக்கம் போதாதா?

அடுத்த கேள்வி நேரம் பற்றியது. பிளேட்டோ சொன்னது என்ன என்று பத்து நிமிடத்தில் சொல்லும் காணொளி இருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஐந்து வரியில் தந்துவிடும். முழு நூல் எதற்கு?

செய்தி மட்டும் வேண்டுமென்றால் சுருக்கம் போதும். தத்துவ நூல் தருவது ஒரு பயிற்சி. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடைகளை மனப்பாடம் செய்தவனுக்குக் கணக்கு வராது. வஞ்சியில் மணிமேகலை கடைசியாகப் பூதவாதியைச் சந்திக்கிறாள். கண்ணால் கண்டதே உண்மை, அனுமானம் செல்லாது என்கிறான் அவன். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். இதை நான் இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்பது பேர் பேசியதைப் பொறுமையாகக் கேட்டு, பூதவாதியின் வாதமும் சரிதானே என்று ஒரு கணம் தடுமாறி, அதன் பின் அந்தக் கேள்விக்கு வந்து சேரும் வாசகர் பெறுவதை என் இரண்டு வரிகள் தரமுடியாது. பூதவாதியின் பக்கம் நின்று, குழந்தை பெற்றவர்களைக் கண்டவர்கள் சாட்சி சொல்கிறார்களே, அது போதாதா என்று எதிர்க்கேள்வி கேட்கவும் அந்த வாசகருக்கு மட்டுமே தோன்றும்.

இன்னொன்றும் உண்டு. நம் திரைகள் நமக்குப் பிடித்ததையே மேலும் மேலும் காட்டும்படி அமைக்கப்பட்டவை. எதைப் பார்த்து நிற்கிறோம், எதற்கு விருப்பம் இடுகிறோம் என்று கணக்கிட்டு, அதைப் போன்றதையே அடுத்து நீட்டுகின்றன. பழைய தத்துவ நூலுக்கு நம் விருப்பம் தெரியாது. அது நம் காலத்தின் கட்சிகளில் எதிலும் சேர்ந்ததில்லை. நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஒன்றை அது ஏற்காது. நாம் ஏளனமாக ஒதுக்கிய ஒன்றை அது முக்கியம் என்று எடுத்துப் பேசும். இந்த உராய்வு நம் சிந்தனைக்கு நல்லது.

எங்கிருந்து தொடங்குவது?

மணிமேகலையின் 27, 29 காதைகளிலிருந்தே தொடங்கலாம். நாவலர் ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரை எழுதிய பதிப்பில், தத்துவம் செறிந்த கடைசி நான்கு காதைகளுக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளை உரை எழுதியிருக்கிறார். பின்னணி தெரிந்துகொள்ள மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’, ‘சமணமும் தமிழும்’ இரண்டும் எளிமையானவை. இந்திய மரபில் பொருள்முதல்வாதத்தின் இடம் பற்றி அறிய, தேவிபிரசாத் சட்டோபாத்யாயாவின் நூலைக் கரிச்சான் குஞ்சு தமிழாக்கியிருக்கிறார். பிளேட்டோவின் குடியரசை வெ. சாமிநாத சர்மா தமிழுக்குக் கொண்டுவந்தார். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் குறிப்புகளை ராஜாஜி ‘ஆத்ம சிந்தனை’ என்ற பெயரில் தந்தார். மூலநூல்கள் பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் ஒரு தடையே இல்லை.

படிக்கும்போது மூன்று காரியங்கள் செய்யுங்கள். முதலாவது, தனியாகப் படிக்காதீர்கள். உங்களோடு கருத்து ஒத்துப்போகாத ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாதம் என்பது இருவர் வேலை. இரண்டாவது, ஒரு காதையோ ஓர் அத்தியாயமோ முடிந்ததும், அதில் உங்களுக்கு முற்றிலும் ஒப்பாத கருத்தை உங்கள் சொந்த வார்த்தையில் அரைப்பக்கம் எழுதுங்கள். அந்தத் தரப்பைச் சேர்ந்தவர் அதைப் படித்துவிட்டு, ஆமாம், நான் சொல்வது இதுதான் என்று தலையசைக்க வேண்டும். அதுவரை மறுப்பை எழுதாதீர்கள். மூன்றாவது, நூல் சொல்வதை அதன் வயதுக்காக ஏற்கவும் வேண்டாம், அதன் வயதுக்காகத் தள்ளவும் வேண்டாம். காரணம் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பட்டிமன்றம் நடத்துகிறோம். தன் அணிக்காகக் கைதட்டல் வாங்கக் கற்றுத்தருகிறோம். அதில் ஒரே ஒரு விதியைச் சேருங்கள்: எந்த மாணவரும் தன் வாதத்தைத் தொடங்குமுன், எதிரணி சொன்னதை எதிரணி ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும். சாத்தனாரும் அருணந்தியும் அம்பேத்கரும் கடைப்பிடித்த ஒழுங்கு இதனால் வகுப்பறைக்கு வரும். பதினைந்து வயதில் இதைப் பழகியவர் ஐம்பது வயதில் பொய்ச்செய்திக்கு எளிதில் இரையாகமாட்டார்; அயலாரை எதிரியாக்கும் பேச்சுக்கு எளிதில் மயங்கவும்மாட்டார்.

வாசகர்களே, இந்த வாரம் ஒரு பழைய நூலை எடுங்கள். அதில் உங்களுக்குப் பிடிக்காத பக்கத்தை முதலில் படியுங்கள்.